வெள்ளி சாயங்காலம் முடிவு, சனி மதியம் காடு: காரைக்குடியிலிருந்து குடும்பத்தோடு ஒரு திடீர்ப் பயணம்

பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமையும் விடுமுறை என்ற செய்தி வெள்ளிக்கிழமை மதியம்தான் வரும். நாலு மணிக்குப் புத்தகப்பையை முகப்பில் எறிந்துவிட்டு, "எங்கயாச்சும் போவோம்ப்பா, டென்ட்ல படுத்துத் தூங்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டில் இது ஐந்தாறு முறை நடந்துவிட்டது. முதல் முறை முழுக்கச் சொதப்பினோம், இரண்டாவது முறை பாதி. அப்புறம் கை பழகிவிட்டது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கமிருந்து முதன்முதலாகக் குடும்பத்தோடு காட்டுக்குள் ஓர் இரவு தங்கப் போகிறவர்கள் வெள்ளி சாயங்காலத்திலிருந்து என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

திடீரென்று தாராளமாகக் கிளம்பலாம். இரண்டு விஷயத்தில் மட்டும் திடீர் வேலை நடக்காது. ஒன்று, ராத்திரி படுக்க அனுமதியோடு ஓர் இடம். இன்னொன்று, வெளிச்சம் இருக்கும்போதே செக்போஸ்ட்டைத் தாண்டுவது. இந்த இரண்டும் உறுதியாகிவிட்டால் மற்றதெல்லாம் நம் வீட்டுச் சாமான் அறையிலேயே இருக்கிறது.

நாலரை மணி: எங்கே படுப்பது?

தேசியப் பூங்காவுக்குள் நம் இஷ்டத்துக்கு டென்ட் அடிக்க முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே போகவே அனுமதி வேண்டும். தங்குவதும் வனத்துறை ஒதுக்கித் தரும் இடத்தில் மட்டும்தான். ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டி, பக்கத்தில் டென்ட் போட்டுக் கறி சுடுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். அதெல்லாம் வேறு ஊர், வேறு காடு என்று அப்போதே சொல்லிவிடுங்கள். 2018 மார்ச்சில் போடி பக்கம் குரங்கணியில் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இன்னும் இறுகிவிட்டன. காட்டுக்குள் தீக்குச்சி கிழிப்பதுகூட விளையாட்டுக் காரியமில்லை.

நம் பக்கத்திலிருந்து ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய பூங்காக்களில் மூன்றைச் சொல்கிறேன். மதுரை, தேனி, போடி வழியாக மூணாறு பக்கத்து இரவிகுளம். 1978இல் தேசியப் பூங்காவானது. வரையாடு பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பெரும்பாலும் பகலில் பார்த்துவிட்டுத் திரும்புகிற இடம் அது. வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் வாக்கில் மூடியும் விடுவார்கள். இரண்டாவது, குமுளிக்குப் பக்கத்துப் பெரியாறு. எல்லையிலேயே ஊர் இருப்பதால் உள்ளே இடம் கிடைக்காவிட்டாலும் வெளியே விடுதிக்குப் பஞ்சமில்லை. அதனால் அதை எப்போதும் இரண்டாவது யோசனையாக வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, பொள்ளாச்சிக்கு மேலே டாப்ஸ்லிப். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், இந்திரா காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய பகுதி. அதைத் தாண்டியதும் கேரளத்தின் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். முதல்முறை போகிற குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான். டாப்ஸ்லிப்பில் வனத்துறையின் அறைகள் உண்டு. பரம்பிக்குளத்தின் ஆனப்பாடியிலோ வனத்துறையே கட்டில், கழிவறையோடு டென்ட் போட்டு வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு டென்ட், அப்பத்தாவுக்குக் கட்டில், நமக்குச் சண்டையில்லாத ராத்திரி.

சரி, முன்பதிவு. இரண்டு காப்பகங்களுக்கும் தனித்தனி இணையதளங்கள். நாலரை மணிக்கு உட்கார்ந்தால் ஐந்துக்குள் இடம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். தீபாவளி, பொங்கல், மே மாதம் என்றால் இருக்காது. சாதாரணச் சனிக்கிழமையாக இருந்தால் யாராவது ரத்து செய்த ஓர் அறை அகப்படும். பணம் கட்டுவதற்கு முன்னால் அலுவலக நேரத்துக்குள் ஒரு போன் போட்டுவிடுங்கள். காடு திறந்திருக்கிறதா (கோடையில் தீ பயத்தாலும், மழையில் சாலை சரிந்தாலும் மூடுவார்கள்), எத்தனை மணிக்குள் செக்போஸ்ட்டில் இருக்க வேண்டும், சாப்பாடும் சஃபாரியும் கட்டணத்தில் சேர்ந்ததா, முட்டிவலிக்காரர்கள் படி ஏறாமல் தங்க முடியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். மரவீடு படத்தில் அழகாகத்தான் இருக்கும். நடுராத்திரியில் பாத்ரூம் போக ஏணி இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஓர் எச்சரிக்கை. 'காட்டுக்குள் டென்ட், கேம்ப்ஃபயர், டிஜே' என்று போனில் வருகிற விளம்பரங்களை நம்பி உடனே பணம் அனுப்பாதீர்கள். நாங்கள் ஒருமுறை அனுப்பினோம். போய்ப் பார்த்தால் ஒரு தென்னந்தோப்பு. மரத்துக்கு அடியிலேயே வரிசையாக டென்ட்! ராத்திரி முழுக்க எப்போது தேங்காய் விழுமோ என்று மேலே பார்த்துக்கொண்டே படுத்திருந்தோம். பக்கத்து டென்ட்காரர்களின் ஸ்பீக்கர் இரண்டு மணிக்குத்தான் ஓய்ந்தது. வெளியில் எங்கே தங்கினாலும் முதலில் அண்ணாந்து பாருங்கள். தென்னைக்கு அடியிலும் பட்ட கிளைக்கு அடியிலும் டென்ட் கூடாது.

ஆறு மணி: சாமான்

கடைக்கு ஓடாதீர்கள். ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைத்தவர்கள் கட்டின வீடுகள் நம்முடையவை. பயணச் சாமான் பரணில் எங்கேயாவது இருக்கும். பித்தளைக் கூஜா, தூக்குச்சட்டி, அடுக்குக் கேரியர், ஜமுக்காளம், கோரைப்பாய், பழைய கண்டாங்கிச் சேலை என்று எடுத்துப் பின்கட்டில் வையுங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட கண்டாங்கியை நாலாக மடித்தால் போர்வை. ஒரு முனையை முடிந்தால் அழுக்குத்துணி மூட்டை. காரின் வெயில்படும் ஜன்னலுக்குத் திரையாகவும் ஆகும்.

கூஜாவைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. காட்டு வாசலில் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள், பையைத் திறந்தே பார்ப்பார்கள். சிப்ஸ் பாக்கெட், கேரி பேக் எல்லாம் வாசலோடு நின்றுவிடும். முறுக்கையும் மாவுருண்டையையும் பனையோலைக் கொட்டானில் போட்டு எடுத்துப் போங்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் படித்து மகிழ்ந்துவிட்டு, பரணில் கிடக்கிற கொட்டானைத் தொடாமல் இருக்கிறோம். ஒரே ஒரு குறை, மூடி இறுக்கமாக இருக்காது. நாடாவால் கட்டிவிடுங்கள்.

துணி பச்சை, காக்கி, மண் நிறத்தில் இருந்தால் நல்லது. ஆளுக்கு ஒரு முழுக்கைச் சட்டை, முழங்காலுக்கு மேல் வரும் சாக்ஸ், மழைக்கோட்டு. வாசனைத் திரவியம் வேண்டாம். டாப்ஸ்லிப் 700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மார்கழி, தையில் ராத்திரி குளிரும், நம் ஊர்ப் பனிக்குல்லா போதும். டார்ச் ஆளுக்கு ஒன்று கட்டாயம், போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். பெரியவர்களின் பிரஷர், சர்க்கரை மாத்திரை மூன்று நாளுக்கு. காய்ச்சல் மாத்திரை, ஓ.ஆர்.எஸ் பொட்டலம், பஞ்சு, பிளாஸ்திரி. மலைப்பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு எலுமிச்சம்பழமும், டாக்டர் சொன்ன மாத்திரையும். எல்லோருடைய ஆதார் அட்டை, முன்பதிவுச் சீட்டை அச்செடுத்த தாள், கொஞ்சம் ரொக்கம். மேலே சிக்னலை நம்பி ஜிபே செய்யலாம் என்று போனால் செக்போஸ்ட்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஏழு மணி: கட்டுச்சோறு

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. மேலே போனால் சாப்பாடு தருவார்கள், உண்மைதான். ஆனால் காலை பலகாரமும் முதல் நாள் மதியச் சாப்பாடும் கையில் இருந்தால்தான் ஹோட்டல் தேடி நேரம் போகாமல் செக்போஸ்ட்டுக்குச் சரியாகப் போக முடியும்.

புளிச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சலை வெள்ளி ராத்திரியே முடித்துவிடுங்கள். கெட்டியாகக் கரைத்த புளி, வரமிளகாய், பெருங்காயம், மஞ்சள், கல்லுப்பு, தாராளமாக நல்லெண்ணெய். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை கொதிக்க வேண்டும். வெந்தயத்தையும் மல்லியையும் வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவி இறக்குங்கள். சோறு விடிகாலை மூன்று மணிக்கு வடிக்க வேண்டும், உதிர் உதிராக. வடித்ததும் தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, விசிறியால் விசிறி ஆறவிட்டபிறகுதான் காய்ச்சலைப் போட்டுப் பிசைய வேண்டும். முதல் தடவை நான் அவசரத்தில் ஆவி பறக்கப் பறக்கக் கேரியரில் போட்டு மூடிவிட்டேன். "சூட்டோட மூடுனா வேர்த்து ஊசிப்போகும்டா" என்று அப்பத்தா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பழனி தாண்டித் திறந்தபோது மூடியின் அடியில் நீர் கோத்து நின்றது. வாசமே காட்டிக்கொடுத்துவிட்டது. ஆறு பேருக்கு மதியச் சாப்பாடு வாழைப்பழம்.

காலைக்கு இட்லி. ஆறின இட்லியின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, தணலில் வாட்டின வாழையிலையில் நாலு நாலாகக் கட்டுங்கள். தேங்காய்ச் சட்னி பக்கமே போகாதீர்கள். தயிர்ச்சோறு வேண்டுமென்றால் குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறின பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள். போகிற வழியிலேயே தோய்ந்துவிடும், மதியத்துக்குப் புளிக்காது. தொட்டுக்கொள்ள மாவடு, மோர்மிளகாய். கொறிக்கத் தேன்குழல், சீப்புச்சீடை. கருவாடு, கறி வறுவல் போன்ற மணக்கிற எதுவும் வேண்டாம். காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் கரடிக்கும் நம்மைவிட மூக்கு அதிகம்.

எட்டரை மணி: முற்றத்தில் டென்ட்

சொந்த டென்ட் இருப்பவர்களுக்கு மட்டும் இது. வனத்துறை டென்ட்டில்தான் படுக்கப் போகிறோம், பிறகு நம்முடையது எதற்கு என்றால், பிள்ளைகளுக்காக. டென்ட்டுக்குள் எப்படி இருக்கும் என்று வீட்டிலேயே ஒருமுறை தெரிந்துகொண்டால் காட்டில் பயந்து அழ மாட்டார்கள். எங்கேயும் இடம் கிடைக்காமல் போனால் இந்த டென்ட்தான் கைகொடுக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வளவு வீட்டு முற்றத்தைப் போல டென்ட் பழக வேறு இடம் கிடையாது. மேலே வானம், நாலு பக்கமும் தாழ்வாரம், பயந்தால் நாலு எட்டில் அம்மாவின் பாய். சிக்கல் ஒன்றுதான், கல்தளத்தில் முளை இறங்காது. நாங்கள் ஒரு மூலைக்கு அம்மிக்குழவி, ஒரு மூலைக்கு இரும்பு உரல், மற்ற இரண்டுக்கும் தண்ணீர் நிரப்பிய குடம் என்று கயிற்றைக் கட்டினோம். முதலில் தரைவிரிப்பு. அது டென்ட்டின் அடிப்பாகத்தைவிட நாலு விரல் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை அதுவே உள்ளே இழுத்துவரும். அப்புறம் வளைகம்பிகளைக் கோத்து, குறுக்கும் நெடுக்குமாக வளைத்து நிறுத்தி, கடைசியாக மழைத்துணி.

நாலு பேர் படுக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தால் மூன்று பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இழுத்து மூடவும் கூடாது. அன்று ராத்திரி நாங்கள் அப்படித்தான் மூடினோம். மூன்று மணிக்குச் சின்னவள் எழுந்து, "டென்ட் ஒழுகுதுப்பா" என்றாள். வெளியே மழையே இல்லை. எங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்தான் மேல்துணியில் படிந்து, துளித்துளியாகத் திரண்டு அவள் மூக்கில் சொட்டியிருக்கிறது. மேலே ஒரு சின்னத் திறப்பு, எதிர்ப்பக்கம் கீழே இன்னொன்று இருந்தால் போதும், காற்று ஓடிவிடும்.

விடிகாலை நாலு மணி: கிளம்பு

காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப். சுமார் 270 கிலோமீட்டர். பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் நின்று நின்று போனால் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை சுற்ற வேண்டாம்.

இந்த வழியில் பழனிவரை நமக்குப் புதிதாக எதுவும் இல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நகரத்தார் காவடி போவது இதே தடம்தான். தலைமுறை தலைமுறையாக நடக்கிறார்கள். எங்கே தங்குவது, எங்கே சமைப்பது, யார் எந்த வண்டியில் சாமான் ஏற்றுவது என்று எல்லாம் வரையறுத்த பயணம். திறந்தவெளியில் ஜமுக்காளம் விரித்து ஊரே படுத்தெழுவது நம் பக்கத்துக்குப் பழக்கப்பட்டதுதான். கேம்பிங் என்று இங்கிலீஷில் சொல்வதால் ஏதோ அந்நிய வித்தை போலத் தெரிகிறது.

பிள்ளையார்பட்டியில் வண்டியில் இருந்தபடியே ஒரு கும்பிடு. நத்தத்தைத் தாண்டியதும் சிறுமலை கூடவே வரும். திண்டுக்கல்லில் சிறுமலைப் பழம் கிடைத்தால் ஒரு சீப்பு. ஒட்டன்சத்திரம் பக்கம் நிழல் பார்த்து நிறுத்தி இட்லிக் கட்டைப் பிரியுங்கள். பொள்ளாச்சியில் மூன்று காரியம். பெட்ரோல் டேங்கை நிரப்புங்கள், மேலே பங்க் கிடையாது. ஏ.டி.எம்மில் பணம் எடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குப் போன் போட்டு, இனி நாளை மதியம்வரை லைன் கிடைக்காவிட்டால் பதற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கள் முதல் பயணம் கெட்டது இந்தக் கட்டத்தில்தான். சாவகாசமாக ஒன்பது மணிக்குக் கிளம்பி, பழனியில் மலையேறிச் சாமி கும்பிட்டு, பொள்ளாச்சியில் காபி குடித்து, சேத்துமடை வாசலுக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. "ராத்திரி வண்டி போகக் கூடாதுங்க, ஆனை நடமாட்டம்" என்றார் அங்கிருந்தவர். கெஞ்சிப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. கட்டின பணம் போனது. அன்றைய ராத்திரி பொள்ளாச்சி லாட்ஜில் ஒரு டியூப்லைட்டுக்கு அடியில் கழிந்தது. மதியம் பன்னிரண்டுக்குள் வாசலில் நில்லுங்கள், போதும்.

வாசலுக்கு அப்பால்

சேத்துமடையில் ஆளுக்கும் வண்டிக்கும் கட்டணம், சோதனை. மது பாட்டில் இருந்தால் அங்கேயே பயணம் முடிந்தது. பரம்பிக்குளத்தில் தங்குபவர்களுக்கு ஆனப்பாடியில் கேரள வனத்துறையின் இன்னொரு செக்போஸ்ட் வரும், அங்கே தனிக் கட்டணம். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் அங்கே போகிற சாலை தமிழ்நாட்டு வழியாகத்தான். உள்ளே இருக்கும் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகளைப் பராமரிப்பதும் நம் நீர்வளத்துறைதான்.

மலைப்பாதையில் ஜன்னலை ஏற்றிவிட்டு மெதுவாகப் போங்கள். இறங்காதீர்கள். ஹாரன் அடிக்காதீர்கள். காட்டுமாடு சாலையில் நின்றால் இன்ஜினை ஓடவிட்டபடி தூரத்திலேயே காத்திருங்கள். அது போகிறபோதுதான் போகும். குரங்குக்கு முறுக்கு நீட்டுகிற கையைத் தட்டிவிடுங்கள், பிள்ளையின் கையாக இருந்தாலும் மாமனாரின் கையாக இருந்தாலும்.

மேலே என்ன பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஆசை காட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. புலி என்று சொல்லிக் கூட்டிப்போனால் ஏமாற்றம் நிச்சயம். புள்ளிமான், மிளா, காட்டுப்பன்றி, கருமந்தி, மலை அணில் என்று சொல்லுங்கள், அவை கண்ணில் படும். இருவாச்சி பறந்தால் பார்ப்பதற்கு முன்னால் காதில் விழும், சிறகு வீசுகிற சத்தம் அப்படி. கோழிக்கமுத்தியில் வனத்துறையின் யானை முகாம் இருக்கிறது. ஊருக்குள் வந்த காட்டு யானைகளை விரட்டியும் பிடித்தும் பேர் வாங்கி, 2023இல் 60 வயதில் ஓய்வு பெற்ற கலீம் என்ற கும்கி அந்த முகாமைச் சேர்ந்ததுதான். அன்றைக்குப் பார்வையாளர்களை விடுகிறார்களா என்று டாப்ஸ்லிப் வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாப்ஸ்லிப் என்ற பெயருக்குக் காரணம் கேட்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மலை உச்சியிலிருந்து தேக்குமரங்களைக் கீழே சறுக்கிவிட்ட இடம் என்பதால் வந்த பெயர். இப்படி வெட்டிக் காலியான மலையில் மறுபடி தேக்கை வளர்த்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் குழி குத்திக் குத்தி, பையிலிருந்து விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று சொல்வார்கள். 1933இல் இறந்த அவரை அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். நம் வீட்டு வாசல்நிலையும் தூண்களும் பர்மாத் தேக்கு என்று தட்டிக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள் அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நிற்கலாம். பரம்பிக்குளம் பக்கம் போனால் கன்னிமாரா தேக்கு இருக்கிறது. நாலைந்து பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைச் சுற்றிப் பிடிக்க முடியும். எங்கள் சின்னவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம முகப்புத் தூணுக்கு இதுதான் அப்பத்தாவா?" என்றாள்.

நடைக்குக் கூட வரும் வழிகாட்டிகளில் பலர் காடர், மலசர் போன்ற இந்த மலைகளின் பழங்குடியினர். அவர் நின்றால் நில்லுங்கள், கை காட்டினால் பேச்சை நிறுத்துங்கள். எங்களோடு வந்தவர் ஓரிடத்தில் குனிந்து சாணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்த வழியே திருப்பிக் கூட்டி வந்தார். அறைக்கு வந்தபிறகுதான் சொன்னார், சூடாக இருந்ததாம்.

மழைக்காலமாக இருந்தால் அட்டை. சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகி, மேலே வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அல்லது உப்புத் துணியால் தேயுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம். நகத்தால் அதன் வாயோரமாக வழித்துவிட்டால் விட்டுவிடும். கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காது. ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துகிறது, அதனால்தான். சோப்புப் போட்டுக் கழுவிப் பஞ்சு வைத்து அழுத்துங்கள். வெயில்காலத்தில் அட்டைக்குப் பதில் உண்ணி. ராத்திரி குளிக்கும்போது பிள்ளைகளின் காது மடல், அக்குள், தொடை இடுக்கு எல்லாம் பார்த்துவிடுங்கள்.

ராத்திரி

இருட்டியபிறகு வெளியே வரக் கூடாது. இதற்கு மாற்றே கிடையாது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து டென்ட்டுக்கு இருபது தப்படிதான் என்றாலும் பணியாளரோடு, டார்ச்சோடு, சேர்ந்தே போங்கள். தின்பண்டத்தை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். அலுவலகத்தில் கேட்டு உள்ளே பூட்டி வையுங்கள், இல்லையென்றால் காருக்குள் ஜன்னலை முழுக்க ஏற்றி வையுங்கள். செருப்பை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

எட்டு மணிக்கு மேல் என்ன செய்வது என்பதுதான் முதல்முறைக்காரர்களுக்குப் பெரிய கவலை. டிவி இல்லை, போன் இல்லை, விளக்கு பாதி. எங்கள் வீட்டில் பல்லாங்குழியை எடுத்துப் போனோம். சோழிச் சத்தம் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டதால் அதையும் வைத்துவிட்டோம். சும்மா படுத்துக் கேட்டோம். முதலில் சில்வண்டு, பிறகு எங்கோ மான் கூப்பிடுவது, அப்புறம் டென்ட்டுக்கு வெகு பக்கத்தில் எதுவோ புல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் தின்கிற சத்தம். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான், நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். காலையில் பார்த்தால் மான் குளம்பு. அன்று ராத்திரி அதை நான் யானை என்றே முடிவு கட்டியிருந்தேன்.

எங்கேயும் இடமில்லை என்றால்

சில வெள்ளிக்கிழமைகளில் எந்தக் கதவும் திறக்காது. அப்போது தொலைவாகப் போகாதீர்கள். திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையில் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அறிவித்தது. நல்ல மழை பெய்து கண்மாய் நிரம்பிய வருஷத்தில், கார்த்திகை முதல் மாசிவரை மரமெல்லாம் நத்தைகுத்தி நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன். குஞ்சுகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. இதைக் கேட்டதும் என் பிள்ளைகள் காரில் போட்ட பாட்டைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். சாயங்காலம் பறவைகள் அடைவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து முற்றத்திலோ மொட்டைமாடியிலோ டென்ட்டைப் போட்டுப் படுங்கள். புளிச்சோறு ஒன்றுதானே.

திரும்பி வந்ததும்

ஞாயிறு காலை சஃபாரியோ நடையோ முடிந்ததும் பத்து, பதினொன்றுக்குள் மலை இறங்குங்கள். காய்ந்த தேக்கிலை, மயிலிறகு, கூழாங்கல் எதையும் எடுத்துவர அனுமதியில்லை. கிளம்பும் முன் பிள்ளைகளின் பையை நீங்களே ஒருமுறை தட்டிப் பாருங்கள். குப்பை முழுவதும் நம்மோடு பொள்ளாச்சிக்கு இறங்க வேண்டும்.

திங்கள் முழுக்கத் துணி துவைக்கிற வேலை. கொண்டுபோன டென்ட்டையும் பாயையும் முற்றத்துக் கொடியில் போட்டு நன்றாகக் காயவிட்டு மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் அடுத்த முறை திறக்கும்போது பூஞ்சை வாடை ஆளைத் தள்ளும். சாமான்களைப் பரணில் பழையபடி பிரித்து வைக்காமல் ஒரே டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணி வேலை அரை மணியில் முடிந்துவிடும். எங்கள் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு சாமான் பட்டியல் ஒட்டியிருக்கிறது. டார்ச், கயிறு, கூஜா, சாக்ஸ் என்று என் மனைவி எழுதியது. அதற்குக் கீழே பென்சிலில் அப்பத்தா ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'சோறு ஆறுனதா, தொட்டுப் பாரு.'